மாமனார் ஆர்டர், மருமகன் கார்: ஸ்டூடபேக்கர் பற்றி ஓர் இழை

வாசகர் கேள்வி, 9 ஜனவரி

கார் வந்ததும் குதிரை வண்டிக் கம்பெனிகள் ஒன்றுவிடாமல் படுத்துவிட்டன என்பது என் கட்சி. வண்டி செய்தவன் கை காருக்கு உதவாது. உருப்படியாகக் கார்க் கம்பெனியாக மாறியது ஒன்றாவது உண்டா? பெயரைச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

9 ஜனவரி, இரவு 10.40

ஸ்டூடபேக்கர். அமெரிக்காவில் இண்டியானா மாநிலம், சவுத் பெண்ட் ஊர். 1852இல் கொல்லுப் பட்டறையாகத் தொடங்கி 1966 வரை ஓடியது. இந்த ஒன்றுதான் உண்டு. விவரம் நாளைக்கு.

10 ஜனவரி

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதினேன். இன்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். எனக்கு இந்த விஷயத்தில் சொந்தப் பாத்தியதை உண்டு. தாத்தா மாட்டு வண்டி செய்த ஆசாரி. அப்பா நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். எனக்கு உளி பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். பிழைப்பு கணக்கு எழுதி ஓடுகிறது.

ஸ்டூடபேக்கர் குடும்பம் ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்தது. இன்றைக்கும் கத்திக்குப் பேர்போன ஊர். 1736இல் கப்பலேறிப் பிலடெல்பியாவில் இறங்கினார்கள். வம்சம் வம்சமாக இரும்பு வேலை, வண்டி வேலை. நம் கதைக்கு வேண்டியவர்கள் ஐந்து அண்ணன் தம்பிகள்: ஹென்றி, கிளெமென்ட், ஜான், பீட்டர், ஜேக்கப். அப்பாவும் கொல்லர்தான். கடன்பட்டே நொடிந்தவர். அன்பைத் தவிர எதையும் யாருக்கும் கடன் வைக்காதே என்ற பைபிள் வாசகத்தை வீட்டில் எழுதி மாட்டியிருந்தாராம். கடனாளி வீட்டுச் சுவரில் வேறென்ன இருக்கும்?

மூத்தவர்கள் ஹென்றியும் கிளெமென்ட்டும் 1852 பிப்ரவரியில் சவுத் பெண்டில் கடை போட்டார்கள். போட்ட முதலீடு 68 டாலர். கூடவே இரண்டு செட் உலைச் சாமான். முதல் வருஷம் செய்த வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். லாடம் அடித்துத்தான் சோறு.

11 ஜனவரி

திருப்பம் 1857இல். பக்கத்து ஊர் மிஷவாகாவில் ஜார்ஜ் மில்பர்ன் என்பவர் பெரிய வண்டிக்காரர். அமெரிக்க ராணுவம் யூட்டா பக்கம் படையெடுத்துப் போன வருஷம் அது. மில்பர்னுக்கு வந்த ராணுவ ஆர்டர் அவர் கைக்கு மீறியது. அதில் நூறு வண்டியை ஸ்டூடபேக்கர் சகோதரர்களுக்குத் தள்ளிவிட்டார். மாமனார் மருமகனுக்கு வேலை பிடித்துக் கொடுத்த கதைதான்.

சிக்கல் மரத்தில். வண்டி மரம் வருஷக்கணக்கில் காய வேண்டும். கையில் இருந்ததோ பச்சை மரம். அதனால் சூளை கட்டி மரத்தைச் சூட்டில் காயவைத்தார்கள். சொன்ன கெடுவுக்குள் நூறும் போய்ச் சேர்ந்தது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் பட்டறையைக் கேளுங்கள். ஒரு லாரிக்காரர் ஆடி முடிவதற்குள் வண்டி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அப்பாவும் சரியென்று பாதி காய்ந்த பலகையில் பாடி கட்டிக் கொடுத்துவிட்டார். அடுத்த சித்திரையில் வண்டி திரும்பி வந்தது. தரைப்பலகை இடுக்கில் என் சுண்டு விரல் நுழைந்தது. ஏற்றிய நெல் வழியெல்லாம் சிந்திக்கொண்டே போயிருக்கிறது. பின்னால் வந்த ஆடுகளுக்கு நல்ல யோகம். அப்பா ஒரு பைசா வாங்காமல் தரை முழுக்க மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து யார் அவசரப்படுத்தினாலும் பலகையை எடுத்துக் காதருகில் வைத்துத் தட்டிப் பார்ப்பார்.

11 ஜனவரி, இரவு

இன்னொன்று விட்டுப்போனது. மூத்தவர் ஹென்றி டங்கர் சபை. ஜெர்மன் பாப்டிஸ்ட் பிரிவு, போரே பாவம் என்பவர்கள். ராணுவத்துக்கு வண்டி செய்வது அவருக்கு ஒப்பவில்லை, பங்கை விற்றுவிட்டு விவசாயத்துக்குப் போய்விட்டார். பின்னாளில் உலகத்தின் பல படைகளுக்கும் வண்டி விற்ற கம்பெனியின் முதல் பங்குதாரர் படைக்கு வண்டி செய்ய மாட்டேன் என்றவர்.

13 ஜனவரி

இரண்டு திருத்தம்.

ஒன்று: 1857இல் மில்பர்ன் மாமனார் அல்ல. கிளெமென்ட் அவர் மகளை மணந்தது 1864இல், முதல் மனைவி இறந்த பிறகு. ஆகவே ஆர்டர் முதலில், சம்பந்தம் பிறகு. நம்மூரில் தலைகீழாக நடக்கும் என்பதால் கை தானாக அப்படி எழுதிவிட்டது. தலைப்பை மாற்றவில்லை. நன்றாக இருக்கிறது.

இரண்டு: ஹென்றி. முந்தாநாள் நான் எழுதியது கொஞ்சம் சினிமாத்தனம். அவர் சபை போரை வெறுத்தது உண்மை. ஆனால் தொழிலே அவருக்குச் சலித்துவிட்டது, நிலம் வேண்டும், கம்பெனியைப் பெரிதாக்கும் ஆபத்தில் கால் வைக்க மனமில்லை என்றும் சொல்கிறார்கள். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கும். ஒரு மனுஷன் ஒரே காரணத்துக்காகக் கடையைவிட்டுப் போவதில்லை. என் அப்பா பட்டறையை மூடியபோது வாடகை என்றார், கண் என்றார், ஆள் கிடைக்கவில்லை என்றார். மூன்றும் நிஜம்.

14 ஜனவரி

பொங்கலுக்கு முந்தின நாள், வீட்டில் வெள்ளையடிப்பு. அதனால் சுருக்கமாக. ஹென்றியின் பங்கை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். மூன்றாவது தம்பி ஜான் கொண்டுவந்தார். அவர் கதையை மாட்டுப் பொங்கல் முடிந்து எழுதுகிறேன்.

17 ஜனவரி

ஜான். 1853இல், இருபது வயது ஆகும் முன்பே, கலிபோர்னியாவில் தங்கம் தேடக் கிளம்பினார். வழிச்செலவுக்குப் பணம் இல்லை. அண்ணன்களோடு சேர்ந்து செய்த வண்டி ஒன்றைப் பயணக் கூட்டத்துக்குக் கொடுத்து, அதையே கூலியாக வைத்துத் தொற்றிக்கொண்டார். பிளாசர்வில் போய் இறங்கியபோது பையில் 50 சென்ட். அன்றைக்கு அந்த ஊரை ஹேங்டவுன் என்பார்கள், தூக்குமேடை ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கம் தோண்டவே இல்லை. தோண்டுகிறவனுக்கு மண் அள்ள வண்டி வேண்டுமே? ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்யும் வேலையில் சேர்ந்தார். ஒன்று பத்து டாலர். முதலில் செய்ததைப் பார்த்து முதலாளியே முகம் சுளித்தாராம், சக்கரம் அப்படி ஆடியதாம். போகப்போகக் கை தேறியது. ஐந்து வருஷத்தில் 8000 டாலர் சேர்த்தார். வீல்பாரோ ஜானி, அதாவது தள்ளுவண்டி ஜானி, என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. 1858இல் ஊர் திரும்பி ஹென்றியின் பங்கை வாங்கினார். கம்பெனிக்கு உயிர் கொடுத்தது இந்தத் தள்ளுவண்டிக் காசுதான். அதே சமயத்தில் அதே ஊரில் இறைச்சிக் கடை வைத்திருந்தவர் பிலிப் ஆர்மர். பின்னாளில் சிகாகோவின் இறைச்சி மகாராஜா. அவரும் தங்கம் தேடுகிறவனுக்குச் சாமான் விற்றுத்தான் ஆள் ஆனார்.

சக்கரம் ஆடுவதைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். வீடு கட்டும்போது தள்ளுவண்டி ஒன்று வாங்கினேன். எந்தக் கடை என்பது வேண்டாம். இரண்டாம் நாளே சக்கரம் ஒரு பக்கமாக இழுத்தது. கொத்தனார் நேராகப் போக நினைத்தால் வண்டி வேப்பமரத்தைப் பார்த்துப் போகும். அந்த வேப்பமரத்தின் அடியில் இன்னமும் சிமெண்டுக் கறை இருக்கிறது.

19 ஜனவரி

"சக்கரத்தில் அப்படி என்ன பெரிய வித்தை" என்று கேட்ட தம்பிக்கு இது. கம்பெனியைக் கொஞ்சம் மறந்துவிட்டு இதைப் படிக்கவும்.

நடுவில் குடம். அதில் ஆரக்கால்கள். ஆரக்கால் முனைகளில் வளைந்த வட்டைத் துண்டுகள். இவ்வளவும் மரம். ஆணி, பசை கிடையாது, துளையும் அதில் செருகும் கழுந்தும்தான். இதையெல்லாம் இறுக்கிப் பிடிப்பது வெளியே இருக்கும் இரும்புப் பட்டை. சக்கரத்தின் சுற்றளவைவிடப் பட்டையைக் கொஞ்சம் சின்னதாகவே செய்வார்கள். தாத்தா நாடாவே வைத்ததில்லை. சின்ன உருளை ஒன்றைச் சக்கரத்தின் மேல் ஓட்டிச் சுற்று எண்ணுவார். பிறகு அதே உருளையைப் பட்டையின் உள்பக்கம் ஓட்டுவார். இரண்டுக்கும் வித்தியாசம் எத்தனை விரல் என்பது அவர் வாய்க்குள்ளேயே முடிந்துவிடும், எங்களுக்குச் சொல்ல மாட்டார்.

பட்டையைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். சிவந்ததும் நாலு பேர் குறடு போட்டுத் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் பொசுங்கிப் புகை கிளம்பும். தாத்தா சம்மட்டியால் நாலு பக்கமும் தட்டியபடியே "ஊத்து" என்பார். குடம் குடமாகத் தண்ணீர் விழும். அப்புறம் அந்தச் சத்தம். பட்டை சுருங்கச் சுருங்க ஆரக்கால் ஒவ்வொன்றாகக் குடத்துக்குள் முறுக்கிக்கொண்டு இறங்கும், கிர்ர் என்று. சத்தம் வந்தால் சக்கரம் பிழைத்தது. மரம் பச்சையாக இருந்தால் அன்றைக்கு நன்றாகத்தான் இறுகும். ஒரு கோடை போனதும் மரம் சுருங்கும், இரும்பு சுருங்காது, பட்டை கழன்று தனியே உருளும். ராணுவத்துக்கு நூறு வண்டி கொடுத்து, பாலைவன வழியில் நானூறு பட்டை கழன்றிருந்தால் ஸ்டூடபேக்கர் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

அவர்கள் மரம் ஓக், ஹிக்கரி. எங்கள் தாத்தாவுக்குக் கருவேல். வேலை ஒன்றுதான்.

20 ஜனவரி

லிங்கன் கடைசி நாளில் நாடகம் பார்க்கப் போன வண்டி ஸ்டூடபேக்கர் செய்தது என்று ஒருவர் போட்டிருக்கிறார். இல்லை. அது நியூயார்க்கில் உட் பிரதர்ஸ் செய்தது. கிளெமென்ட் பின்னாளில் விலைக்கு வாங்கிச் சேர்த்துவைத்தார், இன்று சவுத் பெண்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பலரும் குழம்பும் இடம்தான். உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு ஸ்டூடபேக்கர் வண்டிகள் போனது வேறு விஷயம், அது உண்மை. கம்பெனி பெருத்ததே அதில்தான். 1868இல் முறைப்படி பதிவு செய்தார்கள். 1874இல் ஆலையில் மூன்றில் இரண்டு பங்கு எரிந்தது. செங்கல்லில் திருப்பிக் கட்டி, உலகிலேயே பெரிய வண்டிக் கம்பெனி என்று விளம்பரம் செய்தார்கள். பட்வைசர் பீர் விளம்பரத்தில் பெரிய குதிரைகள் இழுக்கும் சிவப்பு வண்டி இருக்கிறதே, அதுவும் ஸ்டூடபேக்கர் வண்டிதான்.

24 ஜனவரி

சரி, கார். கேள்வி கேட்டவர் பொறுமையிழந்துவிட்டார்.

அதைக் கொண்டுவந்தவர் மருமகன். ஜானின் மகளைக் கட்டிய ஃபிரெடரிக் ஃபிஷ், வக்கீல். 1890களிலேயே குதிரையில்லாத வண்டி வேண்டும் என்று மாமனாரைக் குடைந்துகொண்டிருந்தார். மாமனாருக்கோ பெட்ரோல் வண்டி என்றால் நாற்றம், சத்தம், நடுவழியில் நிற்பது. இரண்டு பேருக்கும் நடுவே வந்தது பேட்டரி கார். 1902இல் முதல் எலெக்ட்ரிக் கார்கள், அந்த வருஷம் விற்றது 20. ஒன்றை வாங்கியவர் எடிசன். நூற்றிருபது வருஷம் கழித்து இன்றைக்கு எல்லாக் கம்பெனியும் அங்கேதானே வந்து நிற்கிறது என்று சொல்ல ஆசை. ஆனால் அன்றைய பேட்டரியின் தெம்பு ஊருக்குள் சுற்றுவதோடு சரி.

1904இல் பெட்ரோல் கார். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. எஞ்சினும் சேசிஸும், அதாவது அடிச்சட்டமும், ஒஹாயோ மாநிலம் எலிரியாவில் இருந்த கார்ஃபோர்டு கம்பெனியுடையது. ஸ்டூடபேக்கர் செய்தது மேலே உள்ள பாடி. எங்கள் அப்பா செய்ததும் இதேதான்! சேசிஸ் மட்டும் ஓட்டிக்கொண்டு ஒரு டிரைவர் வெயிலில் முண்டாசோடு வருவார். உட்காரப் பலகைப் பெட்டி, கண்ணாடி கிடையாது. நாங்கள் அதன் மேல் கேபினும் பாடியும் கட்டி, பூவும் புறாவும் வரைந்து அனுப்புவோம். மாட்டு வண்டி ஆசாரியின் மகனுக்கு அந்த வேலை புதிதாகவே தெரியவில்லை. மரம் அதே மரம், அளவுதான் வேறு.

ஆகவே கேள்வி கேட்டவர் சொன்னதில் பாதி சரி. வண்டி செய்தவன் கை எஞ்சினுக்கு உதவவில்லை. கடன் வாங்கிய எஞ்சினைச் சுற்றி மற்றதெல்லாம் செய்ய உதவியது. அதைவிட முக்கியம், ஊர் ஊராக இருந்த ஏஜெண்டுகள். ஸ்டூடபேக்கர் வண்டி வாங்கிய விவசாயிக்கு அந்தப் பெயர் எழுதிய எதையும் விற்க முடிந்தது.

25 ஜனவரி

நேற்றையதன் தொடர்ச்சி. 1908இல் டெட்ராய்டில் ஈ.எம்.எஃப் என்று ஒரு கம்பெனி வந்தது. எவரிட், மெட்ஸ்கர், ஃபிளாண்டர்ஸ் என்ற மூவரின் தலையெழுத்து. மன்னிக்கவும், முதலெழுத்து. அவர்கள் காரைத் தன் ஏஜெண்டுகள் வழியாக விற்க ஸ்டூடபேக்கர் ஒப்புக்கொண்டது. கார் நன்றாக விற்றது, நன்றாகவும் நின்றது. "எவ்ரி மார்னிங் ஃபிக்ஸ்-இட்" என்று ஜனங்கள் விரித்துப் படித்தார்கள், விடிந்தால் ரிப்பேர் என்று. வாங்கியவர் திட்டுவது டெட்ராய்டை அல்ல, பக்கத்துத் தெரு ஸ்டூடபேக்கர் ஏஜெண்டைத்தான். கடைசியில் 1910இல் கம்பெனியையே வாங்கிவிட்டு, மெக்கானிக்குகளை வீடு வீடாக அனுப்பி, கெட்ட பாகங்களைத் தன் செலவில் மாற்றிக் கொடுத்தார்கள். நெல் சிந்திய லாரிதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

1911இல் ஸ்டூடபேக்கர் கார்ப்பரேஷன் பிறந்தது. ஃபோர்டுக்கு அடுத்த இடம் அந்த ஆண்டு அவர்களுக்கு. குதிரை வண்டியையும் விடவில்லை, முதல் உலகப் போர் முடியும்வரை இரண்டும் ஒரே கம்பெனியில். அந்தப் போரில் பிரிட்டன் அவர்களிடம் வாங்கியது பெரும்பாலும் வண்டி, சேணம், கடிவாள வகைகள். ஐந்து பேரில் கடைசியாக இருந்த ஜான் 1917இல் இறந்தார். வண்டிப் பிரிவு அதற்குப்பின் அதிக நாள் தாங்கவில்லை, கென்டக்கியில் ஒரு வண்டிக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

26 ஜனவரி

முதல் நாள் "இந்த ஒன்றுதான் உண்டு" என்று எழுதினேன், வாபஸ். ஜெனரல் மோட்டார்ஸைத் தொடங்கிய டூரன்ட் யார்? ஃபிளின்ட் ஊரில் பெரிய குதிரை வண்டி முதலாளி. ஆனால் அவர் பியூக் என்ற கார்க் கம்பெனிக்குள் போய் ஏறிக்கொண்டார், வண்டிக் கம்பெனி தனியாகவே இருந்தது. பெயரோடு பட்டறையோடு மாறியது ஸ்டூடபேக்கர். இப்படிச் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நம்மூரில் யாரும் இல்லையா என்றவருக்கு: சென்னை சிம்சன். 1840இல் தொடங்கிய குதிரை வண்டிக் கம்பெனி. அங்கே இருந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்று செய்து ஓட்டினார். பின்னால் பஸ் பாடி, டீசல் எஞ்சின் என்று போனார்கள். அண்ணா சாலையில் இன்றும் கண்டக்டர் "சிம்சன் இறங்கு" என்கிறாரே, அது குதிரை வண்டிக்காரர் பெயர்.

2 பிப்ரவரி

ராணுவ வண்டி பற்றி மட்டும் கேட்டவருக்கு.

இரண்டாம் உலகப் போரில் ஸ்டூடபேக்கர் யு.எஸ்.6 என்ற இரண்டரை டன் லாரி செய்தது. பத்து சக்கரம், பெரும்பாலானவற்றில் மூன்று அச்சுக்கும் எஞ்சின் விசை போகும். எண்ணிக்கை கிட்டத்தட்ட 2 லட்சம். அமெரிக்கப் படை தனக்கென்று ஜி.எம்.சி லாரியை வைத்துக்கொண்டு, இதில் பெரும்பகுதியைச் சோவியத்துக்கு அனுப்பியது. ஈரான் துறைமுகம் வழியாகப் பெட்டி பெட்டியாகப் போய், அங்கேயே பாகங்களைச் சேர்த்துப் பூட்டி, வடக்கே ஓட்டிப் போனார்கள். ரஷ்யச் சிப்பாய்கள் செல்லமாக "ஸ்டூடர்" என்றார்கள்.

சோவியத் படை லாரியிலிருந்து ஏவிய கத்யூஷா ராக்கெட்டும் ஸ்டூடபேக்கர் செய்ததா என்றால், அல்ல. ராக்கெட்டும் ஏவும் தண்டவாளமும் சோவியத்துடையவை, 1943 முதல் அதைச் சுமந்தது இந்த லாரி. எஞ்சினாவது ஸ்டூடபேக்கருடையதா? அதுவும் இல்லை, ஹெர்குலிஸ் கம்பெனி எஞ்சின். 1904 கதை திரும்பவும்! எஞ்சின் வேறொருவன், வண்டி இவர்கள்.

3 பிப்ரவரி

நேற்று கேலி கொஞ்சம் ஓவர். பனியிலும் சேற்றிலும் ஊர்ந்துபோக வீசல் என்று, டாங்கி போலச் சங்கிலிப் பட்டையில் ஓடும் ஒரு சின்ன வண்டி செய்தார்கள், நார்வேயில் இறக்கத் திட்டமிட்டது. அதற்குள் இருந்தது அவர்களுடைய சாம்பியன் கார் எஞ்சின்தான். அது போக, பி-17 குண்டுவீச்சு விமானத்துக்கு 63,789 எஞ்சின் செய்தார்கள். வடிவமைப்பு ரைட் கம்பெனியுடையது, செய்தது இவர்கள். எஞ்சின் வேலை தெரியாதவர்கள் இல்லை. வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன், இந்த இழையில் எத்தனையாவது வாபஸ் என்று எண்ண வேண்டாம்.

11 பிப்ரவரி

படுத்தது எப்படி என்று எழுதப்போவதில்லை, கேள்வி அது அல்ல. 1963 டிசம்பரில் சவுத் பெண்டில் கார் நின்றது, கனடாவின் ஹாமில்டனில் 1966 மார்ச் வரை. ஆனால் ராணுவ லாரி வேலை நிற்கவில்லை. சவுத் பெண்ட் ராணுவ லாரி ஆலையை 1964இல் கைசர் ஜீப் வாங்கியது. அது கைமாறி 1971இல் ஏ.எம். ஜெனரல் ஆனது. அமெரிக்க ராணுவத்தின் ஹம்வி வண்டியைச் செய்தது அவர்கள்தான். ஹம்வி ஆலை எந்த ஊரில் தெரியுமா? மிஷவாகா. 1857இல் மில்பர்ன் நூறு வண்டி ஆர்டரைத் தள்ளிவிட்ட அதே ஊர்.

12 பிப்ரவரி

மில்பர்ன் என்ன ஆனார் என்று யாராவது கேட்பீர்கள் என்று பார்த்தேன், கேட்கவில்லை. அவர் கம்பெனி 1870களில் ஒஹாயோவின் டொலீடோவுக்குக் குடிபோனது. குதிரை வண்டியில் நல்ல பெயர். 1910களின் நடுவில் அதுவும் கார் செய்ய ஆரம்பித்தது, மில்பர்ன் எலெக்ட்ரிக், பேட்டரி கார்தான். 1923 வரை ஓடியது. பிறகு ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிக்கொண்டது. ஆக மாமனார் வீட்டிலும் ஒரு கார் இருந்திருக்கிறது. கேள்வி கேட்டவர் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளவும்.